பஞ்சாயத்துச் சோறு

எங்கள் ஜனத்தில் புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துவிட கோர்ட்டும் வக்கீலும் தேவையில்லை. ஒரு வைக்கோல் துரும்பு போதும். பஞ்சாயத்தார் முன்னால் புருஷன் அதைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டால் உறவு தீர்ந்தது. துரும்பு சும்மா கிடைக்கும். அந்தத் துரும்பு கைக்கு வந்து சேர என்ன செலவாகும் என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். வேலூரில் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நர்ஸம்மா எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அதனால் நானே சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆம்பூரில் ஒரு டேனரியில் பட்டை இடித்துக்கொண்டிருந்தேன். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். அதை இடிக்கிற கொட்டகையில் முழுக்கப் பெண்கள்தான். என் புருஷனுக்குச் சுண்ணாம்புக் குழியில் வேலை. குடித்தால் அடிப்பான். குடிக்கக் காசில்லை என்றாலும் அடிப்பான். அவர் இவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு நாள் விறகுக் கட்டையால் அடித்து என் இடது கையை முறித்தான். கையில் கட்டோடு, இடுப்பில் என் பெண்குழந்தையோடு, அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் அப்போது தவழ்கிற பிள்ளை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டேனரிக்கு லீவு. பஞ்சாயத்தும் அன்றைக்குத்தான் கூடும். முதல் கூட்டத்திலேயே நான் கேட்ட ஒரே கேள்வி, பிள்ளை யாருக்கு என்பது.

"துரும்பு கிள்ற அன்னிக்கு புள்ள பால் குடிச்சிக்கினு இருந்தா ஆத்தாளுக்கு. அப்புறம் எவனும் வந்து கேக்க முடியாது. பால் மறந்துட்டிருந்தா அப்பன் வூட்டுக்குப் போய்டணும். அதான் நம்ம வழக்கம்" என்றார் நாட்டாண்மைக்காரர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் மகள் பால்குடிதானே! இன்றைக்கே கிள்ளச் சொல்லுங்கள் என்றேன். அது எப்படி? முதலில் சேர்த்து வைக்கப் பார்க்க வேண்டுமாம். அவனுக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு அதைவிட ஜாஸ்தியாகப் புத்தி சொன்னார்கள். பிறகு வாய்தா போட்டார்கள்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் பஞ்சாயத்தாருக்குச் சோறு, ஆட்டுக்கறி, கள்ளு, வெற்றிலை பாக்கு எல்லாம் ஆக வேண்டும். செலவு இரண்டு தரப்புக்கும் பாதிப் பாதி. பங்கைக் கொண்டுவராதவர் பக்கம் வழக்கு தோற்றுப்போகும். கறி ருசியாக இருந்தால் வாய்தாவும் நீளும் என்று எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. முதலில் என் மூக்குத்தி போனது. அப்புறம் காலில் கிடந்த வெள்ளி போனது. அண்ணனிடம் ஒன்றும் இல்லை. கை கூடியதும் கூடாததுமாக மறுபடி பட்டை இடிக்கப் போனேன், விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும்.

பட்டைத் தூள் உடம்பில் ஏறினால் லேசில் போகாது. வாயில் பட்டால் நாக்கு இழுத்துக்கொள்ளும் துவர்ப்பு. சாயங்காலம் ஓடிவந்து பிள்ளையை மடியில் போட்டால், வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அழுவாள். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கொடுத்தேன். அப்போதும் அழுதாள். பகலெல்லாம் பசியில் கத்துகிற பிள்ளைக்கு அண்ணி கேழ்வரகுக் கூழ் ஊட்டினாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளை பிழைக்க வேண்டாமா?

இப்படியே போனால் பிள்ளை பாலையே மறந்துவிடுவாள். நாட்டாண்மைக்காரர் வீட்டுக்கே போய், "சீக்கிரம் முடிச்சி வுடுங்கண்ணா" என்று அழுதேன்.

"இன்னாம்மா பேஜார் பண்றே? வர்ற வெள்ளிக்கிழம பாத்துக்கலாம்."

இப்படியே மாரிக்காலமும் போய், பனிக்காலமும் பாதி போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவன் எழுந்து, "துரும்பு கிள்றேன். ஆனா புள்ள பால் மறந்துட்டா. என் புள்ள எனக்கு" என்றான். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

குடுத்துப் பாக்கலாம் என்றார் நாட்டாண்மைக்காரர். பெண்கள் நாலு பேர் புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். என் மகளை மடியில் போட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி வைத்தேன். கையால் தள்ளினாள். மறைப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார், "குடிக்கலீங்க" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"பட்டத் துவர்ப்புக்குதாங்க குடிக்கல! உங்களுக்குச் சோறு போடத்தான நான் பட்ட இடிச்சேன்?" என்று நானும் கத்தினேன்.

"அதெல்லாம் பஞ்சாயத்து பாக்காதும்மா. குடிக்குதா இல்லியா, அதான் கேள்வி" என்றார் நாட்டாண்மைக்காரர்.

அவன் துரும்பைக் கிள்ளி என் கையில் வைத்தான். அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தரையும் நான் இன்று வரை மன்னிக்கவில்லை.

துரும்பு கிள்ளுகிற அன்றைக்குச் சாப்பாட்டுச் செலவு முழுவதும் பிரிவு கேட்டவர் தலையில். கூட்டத்துக்கு என்று எப்போதும்போல் காலையிலேயே ஆக்கி வைத்திருந்தேன். அவன் பாதியும் என் கணக்கில் ஏறியது. நானேதான் பரிமாற வேண்டும், பரிமாறினேன். பந்தியின் கடைசியில் மாமியார் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சோற்றை ஊட்டப் பார்த்தாள். புது முகம் என்பதால் பிள்ளை வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள்.

"நீயே ஊட்டி வுடும்மா" என்றார் நாட்டாண்மைக்காரர், எலும்பைக் கடித்துக்கொண்டே.

கையைக் கழுவிவிட்டுச் சோற்றைக் குழம்பு விட்டுக் குழைத்து ஊட்டினேன். என் மகள் சிரித்துக்கொண்டே ஆவென்று வாயைத் திறந்து சாப்பிட்டாள். இலையில் இருந்தது தீர்கிற வரைக்கும் ஊட்டினேன். பிறகு மாமியார் அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

நாட்டாண்மைக்காரர் கொஞ்சம் ரசம் கேட்டார். ஊற்றினேன்.