என் மகளின் நாக்கும் என் தம்பி மேல் விழுந்த பழியும்

என் மகளுக்குப் பால் குடிக்க வரவில்லை. என் துன்பம் அங்கே ஆரம்பித்தது.

நம் கோயில் பங்கு மக்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் எட்டாவதோடு நின்றவள். கல்யாணம் வரை வடமதுரைப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தேன். எழுதிப் பழக்கமில்லை. இனிப்பாக எழுதவும் வராது. மாதா எனக்குச் செய்ததை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன்.

போன தவக்காலத்தில் என் மகள் அமலி பிறந்தாள். மார்பில் வாய் வைப்பாள். இரண்டு இழுப்பு இழுப்பாள். டக் டக் என்று சத்தம் வரும், பிடி நழுவிவிடும். பால் கடைவாயில் வழியும். களைத்துத் தூங்குவாள். சற்று நேரத்தில் பசித்து எழுந்து கத்துவாள். எனக்குக் காம்பு வெடித்துப் புண்ணாகிவிட்டது. அவள் வாயோரம் என் ரத்தம் ஒட்டியிருந்த நாளும் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். எடை ஏறவில்லை. தொடையில் தோல் மடிந்து தொங்கியது.

இதற்கு என் வீட்டில் கண்டுபிடித்த காரணம் என் தம்பி சூசை.

சூசைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பில் வேலை பார்க்கிறான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்கு அவன், அவனுக்கு நான். குழந்தை பிறந்ததும் முதல் ஆளாக வந்து நின்றான்.

எங்கள் பக்கம் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பார்கள். நல்ல குணமுள்ள ஒருவர் சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைக்க வேண்டும். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். தாய்ப்பாலைத் தவிர எதுவும் கொடுக்காதே என்று நர்ஸ்கள் சொல்கிறார்கள், எங்கள் ஆட்கள் விடுவதில்லை. என் மாமியார் தன் மருமகனை வைத்து அதைச் செய்ய நினைத்திருந்தார். அந்த மருமகன் வாய் ஓயாமல் பேசுகிறவர். நான் என் தம்பியை வைக்கச் சொன்னேன், அவன்தான் வைத்தான். அவனை விட நல்லவனை எனக்குத் தெரியாது.

பிள்ளை பால் குடிக்கவில்லை என்றதும் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார்.

“ஊமையன் கைய வாயில விட்டான், எம் பேத்திக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு. பொட்டப்புள்ள வேற. நாளைக்கு இவளையும் ஊமைன்னு சொன்னா எவன்டி கட்டுவான்?”

தெருவில் எல்லோரிடமும் இதையே சொன்னார். சூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பை கொய்யாவோடு வந்தான். வாசலில் வைத்தே அவனைத் திருப்பி அனுப்பினார். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. மாமியாரின் கை மட்டும் தெரிந்தது. நாயை விரட்டுகிற மாதிரி ஆட்டினார். பையை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவனோடு செல்போனில் முகம் பார்த்துக் கையால்தான் பேசுவேன். அதையும் மாமியார் விடவில்லை.

“பிள்ளைக்கு முன்னால கைய ஆட்டாதடி. அதுவும் அதையே பழகிக்கிரும்.”

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். வாய் திறக்கவில்லை.

நான் அழவில்லை. கோயிலுக்குப் போய், மாதா சிலை இருக்கிற குகை மாதிரியான கெபி முன்னால் முழங்காலிட்டேன். நான் செபித்ததை மாற்றாமல் எழுதுகிறேன்.

“தாயே, எம் பிள்ளையப் பால் குடிக்க வையி. எந்தம்பியப் பேசுனவங்கள நாலு பேரு முன்னால தலை குனிய வையி. ரெண்டையும் கேக்குறேன். ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ண நிறுத்திக்கிறாத.”

பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். “ஏத்தா, இப்பிடியா மாதாகிட்டக் கேக்குறது?”

“எனக்கு இப்பிடித்தான்க்கா கேக்க வருது” என்றேன். தினமும் போனேன். தினமும் அதையேதான் கேட்டேன்.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். ஊசி குத்தியதும் வாயை முழுக்கத் திறந்து வீறிட்டாள். நர்ஸ் சட்டென்று குனிந்து பார்த்தார். அழும்போது நாக்கு மேலே எழும்பவில்லை. நுனி நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்த மாதிரி இருந்தது.

“பால் குடிக்கச் சிரமப்படுறாளா?”

அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. உனக்குப் பால் இல்லை, உனக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

நர்ஸ் சொன்ன ஆஸ்பத்திரிக்கு நானும் என் வீட்டுக்காரரும் மறுநாளே போனோம். மாமியாரும் கூட வந்தார். நாக்கடியில் வெட்ட வேண்டி வரலாம் என்று நர்ஸ் சொன்னதைக் கேட்டு, தடுப்பதற்காக வந்தார். டாக்டரம்மா கதவைத் திறந்து வைத்துப் பார்க்கிறவர். வெளியே பெஞ்சு நிறையத் தாய்மார்கள் இருந்தார்கள்.

டாக்டரம்மா விரலால் பிள்ளையின் நாக்கைத் தூக்கினார். அடியில் ஒரு சவ்வு நுனி வரை வந்து நாக்கைக் கீழே கட்டி வைத்திருந்தது. அதைச் சிறிதாக வெட்டிவிட்டால் நாக்கு அசையும் என்றார். மேல் உதட்டின் உள்ளேயும் ஈறோடு ஒரு சதை இருந்தது. அதையும் வெட்ட வேண்டுமா என்று கேட்டேன். “அது நிறையப் பிள்ளைங்களுக்கு இருக்கும். பாலுக்கு அது தடையில்ல. அதத் தொட வேண்டாம்” என்றார்.

மாமியார் முன்னால் வந்தார். “நாக்க அறுக்க விடமாட்டேன். இது சீக்கு இல்ல டாக்டரம்மா. இவ தம்பி ஊமையன். அவன் சேனை வச்ச வினை.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது பிறக்கும்போதே இருக்கிறது. சில குடும்பத்துல வழிவழியா வரும்.” என்னைப் பார்த்தார். “நாக்க நீட்டும்மா.” நீட்டினேன். தாடை வரை வந்தது. என் வீட்டுக்காரரை நீட்டச் சொன்னார். அவருக்கு உதட்டைத் தாண்டவில்லை. டாக்டரம்மா மாமியாரிடம் திரும்பினார். “நீங்களும் நீட்டுங்கம்மா.”

மாமியார் நீட்டினார். பல்லைத் தாண்டி வரவில்லை. மறுபடியும் முக்கி நீட்டினார். நுனி பிளந்துகொண்டு நின்றது. என் மகளின் நாக்கு மாதிரியே.

“உங்க வழியில வந்திருக்கு” என்றார் டாக்டரம்மா.

பெஞ்சிலிருந்து ஒரு கிழவி சொன்னார். “அடி ஆத்தீ, இந்த நாக்க வச்சுக்கிட்டா இம்புட்டுப் பேச்சு பேசுன?”

பெஞ்சே சிரித்தது. மாமியார் தலை குனிந்தார். நான் அதைப் பார்த்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்தேன். கெபியில் நான் கேட்டது அப்படியே நடந்தது.

பிள்ளையைத் துணியில் சுற்றினார்கள். மரத்துப்போகிற மருந்தைத் தடவி, சின்னக் கத்தரியால் வெட்டினார்கள். பஞ்சில் பொட்டு ரத்தம். உடனே மார்பில் போடச் சொன்னார்கள். பிடித்தாள். அன்றே எல்லாம் சரியாகவில்லை. இழுத்துக் குடிக்கப் பழக நாளானது, என் புண் ஆறவும் நாளானது. ஆனால் அந்த டக் டக் சத்தம் நின்றது. தொடை நிறைந்தது.

அப்புறம் ஞானஸ்நானப் பேச்சு வந்தது. ஞானத்தகப்பன் சூசைதான் என்றேன். மாமியார் மறுக்கவில்லை. நான் இன்னொன்றும் சொன்னேன்.

“அத்தை, நீங்களே ஆயக்குடிக்குப் போயி தட்டு வச்சு அழைக்கணும். நீங்க அழைச்சாத்தான் விசேஷம்.”

என் வீட்டுக்காரர், “வயசானவங்கள அலைய விடாத” என்றார். இதற்கு மட்டும் அவருக்கு வாய் வந்தது.

இரண்டு நாள் கழித்து மாமியார் அடுப்படிக்கு வந்து நின்றார். குரல் இறங்கியிருந்தது.

“வான்னு கூப்பிட அவன்கிட்ட எப்பிடிடி கைய காட்டணும்?”

காட்டிக் கொடுத்தேன். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். பஸ் ஏறிப் போனார். தோப்பு வாசலில், வேலையாட்கள் பார்க்க, என் தம்பியைக் கையால் அழைத்தார்.

மாதா விண்ணேற்பு விழா வாரத்தில் ஞானஸ்நானம் நடந்தது. சாமியார் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் நான் கையால் காட்டினேன். சூசை நெஞ்சில் கை வைத்துப் பதில் சொன்னான். மாமியார் மெழுகுவர்த்தி பிடித்து நின்றார். சூசை அன்று எங்கள் வீட்டில் தங்கினான். இப்போது மாதா மாதம் வருகிறான். அமலி அவனைப் பார்த்ததும் தவழ்ந்து ஓடுகிறாள்.

பிள்ளைக்குப் பால் இறங்கவில்லை என்றால் தாயைத் திட்டாதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். மாதாவிடமும் போங்கள். நல்ல மனதோடுதான் போக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடு போனாலும் அந்தத் தாய் கதவைச் சாத்துவதில்லை. நான் அப்படித்தான் போனேன்.

மாமியாரை மன்னித்துவிட்டாயா என்று தெருவில் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் கேட்கிறார்கள். இன்னும் இல்லை. அதையும் கெபியில் சொல்லி வைத்திருக்கிறேன். அவசரமில்லை என்றும் சொல்லியிருக்கிறேன். என் மாமியாருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். இதையும் வாசிக்கட்டும்.

மாதாவுக்கு நன்றி.