இரட்டைக் கோட்டுக் கல்யாணங்கள்

கணக்கு டீச்சரிடம் பிள்ளைகள் மட்டும்தான் சந்தேகம் கேட்பார்கள். உயிரியல் டீச்சரிடம் ஊரே கேட்கும், கேட்டுவிட்டு டீச்சருக்குப் பதிலும் சொல்லிவிட்டுப் போகும்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் பஸ் வந்து திரும்பும் ஓர் ஊரில் இருக்கிறது எங்கள் தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளி. ஓய்வு பெற்று எட்டு வருடம் வீட்டில் இருந்தவளை, தமிழில் உயிரியல் எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று திரும்பக் கூப்பிட்டார்கள். வீட்டில் பேச்சுத் துணை இல்லாத காலம். போனேன். பத்தாம் வகுப்பில் பாரம்பரியம், மரபணு, உயிர்த் தொழில்நுட்பம் என்று அடுத்தடுத்துப் பாடங்கள். ‘சமூகப் பிரச்சினைகளோடு சேர்த்துச் சொல்லித் தர வேண்டும்’ என்று ஆசிரியர் கையேட்டில் போட்டிருக்கிறது. கையேடு எழுதியவர்களை நான் ஒருநாளும் இந்தப் பக்கம் பார்த்ததில்லை. நீங்களும் இந்தத் தொழிலில் இருப்பவர் என்றால், இதற்கு மேல் நான் விளக்க வேண்டாம்.

தயிர்

இப்போது மனித இன்சுலினை பாக்டீரியா தயாரிக்கிறது, அதற்குள் மனித மரபணுவை வைத்துவிட்டால் அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும் என்று ஒரு திங்கட்கிழமை சொன்னேன். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். அந்த ஆச்சரியம் வகுப்பறையோடு நிற்கும் என்று நினைத்தது என் தவறு. வியாழக்கிழமை பழனிசாமி வந்து நின்றார். தென்னந்தோப்பு, நெல்வயல், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் பதவி, பத்து வருடச் சர்க்கரை வியாதி எல்லாம் உள்ளவர். அவருடைய சின்ன மகள் சுகன்யா என் வகுப்பு. “ஏனுங்க டீச்சர், நான் கோழி முட்டையே தொடறதில்லீங்க. கிருமி செஞ்சதயா இத்தன நாளா ஒடம்புல ஏத்திக்கிட்டிருந்தேன்?” என்றார். மூன்று நாளாக ஊசி போடவில்லையாம்.

மருந்தில் கிருமி இருக்காது, அது செய்து கொடுத்ததைச் சுத்தமாகப் பிரித்துத்தான் புட்டியில் அடைக்கிறார்கள், பயமிருந்தால் இந்த நிமிடமே டாக்டரிடம் போங்கள் என்று மன்றாடினேன். அவர் அசையவில்லை. கடைசியில், “தயிரை உறைய வைப்பதும் பாக்டீரியாதானே, அதைத் தினமும் சாப்பிடவில்லையா?” என்று கேட்டேன். முகம் மாறியது, எழுந்து போனார். அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் அவர் மனைவி மரகதம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “நீங்க சொன்ன பொறகு ஊசி போட்டுக்கறாருங்க டீச்சர். தயிரத்தான் நிறுத்திப்புட்டாரு.”

தாள் போதவில்லை

அடுத்தது வம்சப் படம். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு கோடு. நோய் உள்ளவர்களைக் கறுப்பாகத் தீட்ட வேண்டும், நோய் வராமல் சுமக்க மட்டும் செய்பவர்களைப் பாதி கறுப்பாக. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் மட்டும் இரட்டைக் கோடு. புத்தகத்துப் படத்தில் எல்லாரும் யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டு, கூரையிலிருந்து மழைநீர் வடிவதுபோல அழகாகக் கீழே இறங்கி வருகிறார்கள். “அவரவர் வீட்டுப் படத்தை வரைந்து வாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று முறை இருக்கும்போது வெளியே யாரும் பெண் தேடுவதில்லை என்பது, இத்தனை வருடம் இங்கேயே இருந்தும், அந்த ஒரு நிமிடம் எனக்கு மறந்துபோயிற்று.

வந்த படங்களில் கோடுகள் கீழே இறங்கவே இல்லை. பக்கவாட்டில் போய், மேலே ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பின. ஒருத்தி நாலு சார்ட் பேப்பரைப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். இன்னொருத்தி ஒரே ஆளை இரண்டு இடத்தில் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் அவர் அம்மாவின் தம்பி, மறுபக்கம் அத்தையின் வீட்டுக்காரர். ஸ்டாஃப் ரூமில் நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பௌதிகம் எடுக்கும் முரளி மாஷ் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “டீச்சரே, இது குடும்பமா, ட்ரான்ஸ்ஃபார்மர் வயரிங்கா?”

என் வீட்டுப் படம்

“உங்க ஊட்டுப் படத்தப் போடுங்க டீச்சர்” என்று வகுப்பே கத்தியது. போட்டேன். இடுக்கி மலையில், சித்திரபுரம் மின்வாரியக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள் நான். வேதக்கோயிலில் மோதிரம் மாற்றிக்கொண்டாலும் கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனைத்தான். கரும்பலகையில் ஒரு வட்டம், ஒரு சதுரம், நடுவில் இரட்டைக் கோடு. கீழே இரண்டு சதுரங்கள், இரண்டும் வெள்ளை. இறந்தவர் என்றால் அந்தச் சதுரத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு போட வேண்டும் என்பது விதி. என் வீட்டுக்காரர் போய் நாலு வருடம் ஆகிறது. நான் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அவர்கள் கேட்டது வேறு. இரண்டு மகன்களுக்கும் ஒரு குறையும் இல்லையா என்றார்கள். இல்லை என்றேன். சொந்தத்தில் கட்டியவர்கள் எல்லாருக்கும் வராது, வருகிற வாய்ப்புத்தான் கூடும் என்று சுண்டுவிரல் சுண்ணாம்பாகும்வரை எழுதிப் போட்டேன். நாணயத்தைச் சுண்டிக் காட்டினேன். அது பாழாய்ப் போன நாணயம், தொடர்ந்து ஐந்து முறை பூ விழுந்தது. கோபத்தில், “ஏட்டி, கொஞ்சம் பேசாம இருங்கட்டி” என்று என் மலைத் தமிழ் வெளியே வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் முதல் பெஞ்சிலிருந்து மரியாதையாக ஒரு குரல் வந்தது: “அப்பப் பாடம் தப்புங்களா, நீங்க தப்புங்களா டீச்சர்?”

புள்ளிக்கோடு

சுகன்யா மட்டும் படத்தைக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் லேபுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நீட்டினாள். அவள் அம்மா மரகதத்தின் அண்ணன் வீட்டில் இரண்டு மகன்கள். சின்னவனின் சதுரம் கறுப்பு. தலசீமியா, பரம்பரையாக வரும் ரத்தசோகை. பதினான்கு வயது, மாதம் தவறாமல் கோயம்புத்தூர் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறான். குலசாமி குத்தம் என்று வீட்டில் பேச்சு. மூத்தவன் கார்த்தி, கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவனுடைய சதுரத்திலிருந்து சுகன்யாவின் அக்கா வித்யாவின் வட்டத்துக்குப் பென்சிலில் புள்ளிப் புள்ளியாக ஒரு கோடு. தை மாதம் கல்யாணம்.

நான் சொல்லிக்கொடுத்ததை என்னிடமே ஒப்பித்தாள். மாமனுக்கும் அவர் மனைவிக்கும் நோய் இல்லை, ஆனால் இருவரும் அதைச் சுமக்கிறார்கள். கார்த்தியும் சுமக்கலாம். மாமனிடம் இருப்பது அவர் தங்கையான அம்மாவிடமும் இருக்கலாம், அங்கிருந்து அக்காவுக்கும் வந்திருக்கலாம். கட்டிக்கொள்ளும் இருவருமே சுமப்பவர்கள் என்றால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பரீட்சைத் தாளாக இருந்தால் முழு மார்க் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். யாராவது ரத்தப் பரிசோதனை செய்தார்களா என்று கேட்டேன், இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு கையில் பேனா, ஒரு கையில் ரப்பர். “இதை ரெட்டைக் கோடா மாத்தட்டுங்களா டீச்சர், இல்ல அழிச்சுப் போடட்டுங்களா?”

இளநீர்

அன்று சாயங்காலமே பழனிசாமி வீட்டுக்குப் போனேன். பத்திரிகைக்கு மாதிரி பார்த்தாகிவிட்டது, இனி முகூர்த்தம் குறிக்க வேண்டியதுதான் என்று சந்தோஷமாகச் சொன்னார். கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இருவருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் என்றேன். “எங்க ஊட்டு ரத்தத்துல குத்தம்னு சொல்றீங்களா?” குத்தம் இல்லை, யாருக்கும் இருக்கலாம் என்றேன். “தாலி ஏறதுக்கு முன்னால புள்ள ஆசுபத்திரிப் படி ஏறுனா ஊர்ல என்னன்னு பேசுவாங்க, நீங்களே சொல்லுங்க.” உள்ளே வித்யா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கார்த்தியைப் பிடிக்கும் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. அது என் வேலையை இன்னும் கஷ்டமாக்கியது.

பழனிசாமி குரலைத் தணித்துக் கேட்டார். “நீங்க அத்த மகனத்தான் கட்டுனீங்கன்னு சுகன்யா சொன்னா.” ஆமாம் என்றேன். “பசங்க ரெண்டு பேரும்?” நன்றாக இருக்கிறார்கள் என்றேன். பொய் சொல்லத் தெரியாமல் வளர்த்த என் அப்பாவை அன்றுதான் முதன்முறையாக நொந்துகொண்டேன். பழனிசாமி முகம் மலர்ந்தது. தோப்புப் பக்கம் திரும்பி ஆளைக் கூப்பிட்டுவிட்டுச் சொன்னார்: “அப்புறம் என்னங்க டீச்சர், எளநி குடிங்க.”

நாற்பத்தெட்டாம் பக்கம்

மறுநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். மலையாளி, நல்ல மனிதர், தன் ஓய்வு நாளை காலண்டரில் எண்ணிக்கொண்டிருப்பவர். சங்கத் தலைவர் வருத்தப்பட்டாராம். நான் பாடப் புத்தகத்தை விரித்து, நாற்பத்தெட்டாம் பக்கத்தைக் காட்டினேன். ‘நெருங்கிய உறவில் திருமணம் செய்வோர் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது’ என்று அரசாங்கமே அச்சடித்திருக்கிறது. அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். புத்தகத்தை மெதுவாக மூடி என் கையில் கொடுத்தார். “அது பரீட்சைக்கு எழுதறதுக்கு டீச்சரே, வீட்டுக்குக் கொண்டுபோய் நடத்தறதுக்கில்ல கேட்டோ.”

பொருத்தம்

பிறகு ஒரு வாரம் வகுப்பில் சுகன்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். அவள் அம்மாவோடு முகூர்த்தம் குறிக்கப் போகிற சாக்கில், அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு ஜோசியரிடம் போயிருக்கிறாள். எழுபது தாண்டிய மனிதர். ஜாதகக் கட்டங்களை ஒதுக்கிவிட்டு அவளுடைய வட்டங்களையும் சதுரங்களையும் அரைமணி நேரம் பார்த்தாராம். கறுப்புச் சதுரம் யார், இரட்டைக் கோடு எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். மறுநாள் பழனிசாமியைக் கூப்பிட்டு, மற்றப் பொருத்தம் எல்லாம் பிரமாதம், நாடிப் பொருத்தத்தை மட்டும் கட்டத்தில் பார்த்து முடிக்க முடியாது, ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும், லேப் சீட்டு வந்தால்தான் நாள் குறிப்பேன் என்றுவிட்டார்.

கல்லூரியில் விலங்கியல் படித்து, முப்பது வருடம் பாடம் நடத்திய நான் சொல்லி அசையாத மனிதர், அடுத்த நல்ல நாளில் ராகுகாலம் கழித்து வண்டி எடுத்தார். மாப்பிள்ளை, பெண், வண்டியில் இடமிருந்ததால் சுகன்யா. மூவரும் கோயம்புத்தூரில் ரத்தம் கொடுத்தார்கள், எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஜோசியருக்கு நன்றி சொல்வதா, அவரோடு சண்டை போடுவதா என்று தெரியவில்லை. ஜோசியர் வீட்டுக்குப் போனேன். அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நீங்க நோயின்னு சொன்னீங்க, நான் பொருத்தமுன்னு சொன்னேன். நோய்க்கு யாருங்க டீச்சர் கலியாணத்துல வண்டி எடுப்பாங்க?”

சீட்டு

கார்த்தி நோயைச் சுமப்பவன். வித்யாவிடம் அது இல்லை. ஆகவே பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது, கல்யாணம் நடக்கலாம். சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதைச் சொன்னேன். “ஒண்ணுமில்லீன்னு நான் அன்னிக்கே சொன்னனுங்களே டீச்சர்” என்று பழனிசாமி முதல் பத்திரிகையை என் கையில் வைத்தார். பார்க்காமல் சொன்னதற்கும் பார்த்துச் சொன்னதற்கும் வித்தியாசம் உண்டு என்று ஆரம்பித்தேன். அதற்குள் மஞ்சள் தடவிய பத்திரிகையின் மேல் வெற்றிலை பாக்கும் வந்து உட்கார்ந்தது.

மூன்றாவது சீட்டு சுகன்யாவுடையது. அவளும் சுமப்பவள். அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை, நாளைக்கு வருகிற மாப்பிள்ளையும் பரிசோதித்துக்கொண்டால் போதும் என்று மூன்று விதமாகச் சொன்னேன். பழனிசாமி அந்தச் சீட்டை மட்டும் நாலாக மடித்து, சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். “சின்னவ விஷயம் மட்டும் வெளிய தெரிய வேண்டாமுங்க டீச்சர்.”

பாதி வட்டம்

மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், எல்லாப் படங்களையும் வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுகன்யாவைத் தனியே கூப்பிட்டேன். உன் படத்தை ஒட்ட வேண்டாம், அல்லது உன் வட்டத்தை வெறுமனே விட்டுவிடு, அப்பாவுக்கும் அதுதான் இஷ்டம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் ஸ்கேலை வைத்துத் தன் வட்டத்தின் நடுவே கோடு கிழித்தாள். ஒரு பாதியைக் கறுப்பு ஸ்கெட்சால் நிதானமாக, ஓரம் பிசகாமல் தீட்டினாள். பிறகு, நானும் ஒரு மக்கு மாணவி என்பதுபோல என்னைப் பார்த்தாள். “வெறுமனே உட்டா விடை தப்பாயிருமுங்களே டீச்சர், அப்புறம் மார்க்க யாரு தருவாங்க?”

இப்போது கல்யாணப் பேச்சு எடுப்பவர்கள் லேப் சீட்டோடு ஜோசியரிடம் போகிறார்கள், ஜோசியர் அதைப் படித்துச் சொல்ல என்னிடம் அனுப்புகிறார். முப்பது வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்து நான் அடைந்த பதவி உயர்வு, ஜோசியருக்கு உதவியாளர் என்பதுதான்.