மேல்வீட்டுச் சத்தம்

இரவு வேலை முடிந்து கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் என் பேஸ்மென்ட் அறையில் வந்து படுத்தால், சனிக்கிழமைகளில் மேல்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவர் ஆறு நாடுகள் ரக்பித் தொடரைப் பார்த்துக் கத்தி என்னை எழுப்பிவிடுவார். ஒருநாள் கோபத்தில் கதவைத் தட்டி ஏசிவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

பிரான்சின் கடைசி ஆட்டத்தன்று, என் தபால் பெட்டிக்கு மாறி வந்த அவருடைய கடிதத்தைக் கொடுக்கப் போனேன். தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடியது. தனியாக இருந்தவர் துவாயால் வாயைப் பொத்தியிருந்தார்.

"பிரான்ஸ் வெல்லுது," என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார். "நீ எழும்பிப்போடுவாய் எண்டுதான் கத்தேல்லை."

நான்கு வருடமாக இந்த ஊரில் என் நித்திரையை நினைத்துப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

"கத்துங்கோ ஐயா," என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிப் பக்கத்தில் இருந்தேன். ஆட்டத்தின் விதி எதுவும் தெரியாத நான்தான் முதலில் கத்தினேன்.

ஏசப் போன அன்றைக்கே உள்ளே போய் இருந்திருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.