கொண்டை கறுத்த கதை

விளக்கு விற்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: எரிந்தால் மின்வாரியத்துக்குப் பெயர், எரியாவிட்டால் எனக்கு. எதையாவது விற்றுவிட்டு, விற்ற பிறகும் விளக்கம் சொல்லியே காலந்தள்ளும் அன்பர்களுக்கு இது புரியும்.

எல்லார் மேலும் சந்தேகம்

மோகனூர்ப் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர் சின்னுசாமி அண்ணன். கோழிகள் ஒன்றையொன்று கொத்துகின்றன, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்றார். எல்.இ.டி. விளக்குகளோடு ஒரு டிம்மரும் மாட்டிவிட்டு வந்தேன். கொத்தல் நின்றது. நாலாம் நாள் போன்: சிவந்திருந்த கொண்டையெல்லாம் கறுத்துவிட்டதாம், ஏதோ சீக்காம். முதலில் தீவனக்காரரைச் சந்தேகப்பட்டிருக்கிறார், அப்புறம் தண்ணீரை. டாக்டர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றதும் டாக்டரையும். இன்னும் மாதக்கணக்கில் முட்டையிட வேண்டிய கோழிகளை மொத்தமாகக் கழித்துவிட, மறுநாள் காலைக்கு லாரி சொல்லியாகிவிட்டது. நான் வந்து பார்க்கிறேன் என்றேன்.

"டாக்டருக்கே தெரியல. லைட்டுக்காரரு வந்து என்னங்க பண்ணப் போறீங்க?"

வெயிலில் ஒரு கோழி

ஒரு கோழியைப் பிடித்து வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தேன். கொண்டை செம்பருத்தி. உள்ளே கொண்டுபோனால் பழைய ரத்தக்கறை. நான் மாட்டியது மின்னோட்டத்தைக் குறைத்து மங்கவைக்கும் டிம்மர். மின்னோட்டம் குறைந்ததும் அந்த மலிவு விளக்கின் வெள்ளையில் பச்சை ஏறிவிட்டது. பச்சை வெளிச்சத்தில் சிவப்பு கறுக்கத்தான் செய்யும். மங்கலில் சிவப்பைத் தவறவிடுவது நம் கண்ணின் குணமும்கூட, ஆகவே பாதிப் பழி கண்ணுக்கு என்று நியாயம் பிரித்தேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"அப்பச் சீக்கு கோழிக்கில்லீங்க, உங்க கடைக்குத்தான்."

போனில் ஓடிய கோடு

அன்றே டிம்மரை மாற்றினேன். இது மின்னோட்டத்தைக் குறைக்காது. விளக்கை முழு வெளிச்சத்தில் ஏற்றி அணைத்து ஏற்றி அணைத்து, மங்கலாகக் காட்டும். எரியும் கணமெல்லாம் முழு மின்னோட்டம் என்பதால் நிறம் அவ்வளவாக மாறாது. துடிப்பைக் கண்டுபிடிப்பதில் கோழியின் கண் நம்முடையதைவிடக் கூர்மை. அதனால் மிக வேகமாகத் துடிப்பதாகப் பார்த்தே போட்டேன். கொண்டைகள் சிவந்தன. மைத்துனருக்கு அனுப்ப அண்ணன் போனில் வீடியோ எடுத்தார். திரையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் ஊர்ந்தன. விளக்கு அணைந்து அணைந்து எரிவதுதான் அது, கண்ணுக்குத் தெரியாது என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கண்ணுக்குத் தெரியாததைச் சொல்றவங்களை நான் நம்புறதில்லீங்க. லாரி வரட்டும்."

லாரி வந்தது

காலையில் மனசு கேட்காமல் நானும் போனேன். லாரி வாசலில் நின்றது. அதற்கு முன்பே அண்ணனின் மனைவி சரசக்கா விடியலில் எழுந்து, வரிசைக்கு ஒரு கோழியாக வெளியே தூக்கிவந்து, கொண்டையைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார். புடவையெல்லாம் இறகு. அக்கா டிரைவரிடம் போனார்.

"கோழியெல்லாம் நல்லாத்தான் இருக்குது சாமி. வெறும் வண்டியாப் போக வேண்டாம்னா அந்த லைட்டுக்காரரை ஏத்திட்டுப் போங்க."

அன்றிலிருந்து டிம்மர் கேட்டு யார் வந்தாலும், அறை எவ்வளவு பெரிது என்று கேட்பதற்கு முன் அதில் சிவப்பாக என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்.