"இவளைத் தெரியாது" என்று சொன்ன எங்கள் அம்மா

எங்கள் அன்பு அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களும் வியாசர்பாடி அக்கம்பக்கத்தாரும் அவரை அத்தோக் கடை அம்மாவாக அறிவீர்கள். துறைமுக வாசலில் தள்ளுவண்டி போட்டு, பர்மா நூடுல்ஸையும் வெங்காயத்தையும் கையாலேயே பிசைந்து கொடுத்து, என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். அவர் போர்க்காலத்தில் உளவு பார்த்தவர் என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. கடைசி மாதம் வரை எனக்கும் தெரியாது. மூத்த மகளாகக் கூடவே கிடந்த எனக்கே தெரியாதென்றால், அம்மா எப்பேர்ப்பட்ட கல்லுளிமங்கி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்.கே.பி. நகர் வீட்டில் படுக்கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் ஒரு கட்டளையும் போட்டார்.

"நான் போனப்புறம் புக்கு போடுவீங்க இல்ல? அதுல தியாகி, வீராங்கனைன்னு பீலா வுடாத. கூட வந்தவள கைவுட்டவன்னு எழுது."

அத்திப்பட்டிலிருந்து வேலை முடிந்து வந்திருந்த தம்பி பதறிப்போனான். "அக்கா, நெனவு மலர்ல யாராவது அப்டி எழுதுவாங்களா? ஊரு இன்னா சொல்லும்?" என்றான். ஊர் என்ன சொன்னாலும் சரி, அம்மாவின் கையைப் பிடித்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பர்மாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில். தாத்தா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து அரிசி ஆலை வேலைக்குப் போனவர். அம்மாவுக்குத் தமிழும் பர்மியப் பேச்சும் ஒன்றுபோல வரும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், இணைபிரியாத தோழி. நீங்கள் எல்லாரும் எங்கள் பெரியம்மா என்று அறிந்திருப்பவர் அவர்தான். சொந்தப் பெரியம்மா இல்லை என்பதை இன்றைக்குத்தான் பலர் தெரிந்துகொள்வீர்கள்.

போர் வந்தபோது இருவரும் பாவாடை வயதுப் பெண்கள். இந்திய விடுதலைக்காகப் போராடிய படையில் தாத்தா சேர்ந்திருந்தார். படைக்காரர்கள் இந்த இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். லுங்கி கட்டி, முகத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்தைப் பூசி, பர்மாக்காரப் பெண்களாக வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாமுக்குள் போய்ச் சமையல் கொட்டகைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். முகாமில் தமிழ்ச் சிப்பாய்கள் நிறையப் பேர். இதுகள் பர்மாக்காரிகள்தானே, நம் பேச்சு எங்கே புரியப் போகிறது என்று, எந்தப் பக்கம் கிளம்புகிறார்கள், எப்போது கிளம்புகிறார்கள் என்பதையெல்லாம் இவர்கள் காதுபடவே பேசுவார்கள். பயத்தைக்கூட அடக்கிவிடலாமாம், அந்தச் சிப்பாய்கள் அடிக்கிற ஜோக்குக்குச் சிரிக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு என்றார் அம்மா. எதையும் எழுதக்கூடாது, எல்லாம் மண்டைக்குள்தான். முகாமுக்குச் சேர்ந்து வரக்கூடாது, பேசக்கூடாது. ஒருத்தி பிடிபட்டால் மற்றவள் அவளைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

ஒருநாள், தோழி தள்ளி நின்று பார்த்திருக்க, பட்டாளம் ஆற்றைக் கடக்கப் போகிற இடம் அம்மாவின் காதில் விழுந்தது. அதை நினைத்துக்கொண்டே கரையோரம் நடந்தவர், அசதியில் தலையில் இருந்த குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பர்மாக்காரப் பெண்கள் குடத்தைத் தலையில்தான் வைப்பார்கள். இடுப்பில் வைப்பது நம் வீட்டுப் பழக்கம். வெள்ளைக்காரன் பார்த்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கரைமேல் நின்றவர் ஒரு தமிழ் ஹவில்தார். அவருக்கு அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

"யாருடி அது? நில்லு!" என்று தமிழிலேயே கத்திக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் சுற்றிக்கொண்டு இறங்கி வந்தார். அதற்குள், பின்னால் வந்த பெரியம்மா தன் குடத்தை அம்மாவின் தலையில் வைத்துவிட்டு, அம்மாவின் இடுப்பில் இருந்த குடத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சேதி உங்கிட்ட இருக்கு. நீ போகணும்" என்று மட்டும் சொன்னாராம்.

ஹவில்தார் வந்து பெரியம்மாவின் கூந்தலைப் பிடித்தார். அம்மாவிடம் அரைகுறைப் பர்மியப் பேச்சில், "இவளைத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று அம்மா பர்மியப் பேச்சிலேயே பதில் சொன்னார். மறுபடி கேட்டபோதும் தெரியாது என்றார். பெரியம்மாவை இழுத்துக்கொண்டு போனார்கள். அம்மா சமையல் கொட்டகைக்குப் போய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு, சேதியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்தார். அதன்பிறகு படை பின்வாங்கியது, குடும்பம் வேறு ஊருக்கு ஓடியது. தோழி இருக்கிறாளா செத்தாளா என்று தெரியாமலே போர் முடிந்தது.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது, நாங்கள் பிறந்தோம். பர்மாவில் அப்பாவின் கடை அரசாங்கத்திடம் பறிபோனதும், நான் சிறுமியாக இருந்தபோது கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறினோம். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா வண்டி போட்டார். புளியந்தோப்பில் போட்டால் நல்ல வியாபாரம் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டால்தானே! வெயிலோ மழையோ துறைமுக வாசல்தான். பர்மாவிலிருந்து கப்பல் வரும் நாளில் பிசைவதை விட்டுவிட்டு, இறங்கி வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எத்தனையோ கப்பல்கள் வந்தன. அந்த வாசலை மட்டும் அவர் விடவில்லை.

ஒருநாள் தகரப் பெட்டியோடு ஓர் அம்மாள் தனியாக வந்தார். அம்மா பிசைந்த கையோடு ஓடிப்போய் அவர் எதிரே நின்றார். வந்தவர்தான் பேசினார்.

"பசிக்குதுடி. என்ன வச்சிருக்க?"

தட்டை வாங்கி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, இன்னொரு தட்டு கேட்டார். அன்றிலிருந்து பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். அம்மா பிசைய, அவர் வெங்காயம் அரிவார்.

ஆனால் அந்தப் பேச்சை மட்டும் எடுக்க விடமாட்டார். "அன்னிக்கு ஆத்தங்கரையாண்ட நான்..." என்று அம்மா தொடங்கினால் போதும், "சும்மா கெட" என்று எழுந்து போய்விடுவார். சின்ன வயதில் எனக்கு அது ஒன்றும் புரிந்ததில்லை. அவருக்குக் கோபம் ஆறவில்லை என்றே அம்மா நினைத்தார். "ஆயுசுக்கும் ஒரே வூட்ல இருந்தோம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கடைசி மாதத்தில் என்னிடம் அழுதார். எனக்குப் பெரியம்மா மேல் ஆத்திரமாக வந்தது.

அம்மா ஒரு காலை நேரத்தில், பெரியம்மாவின் மடியில் தலை வைத்தபடி அமைதியாக அடங்கினார். அன்று ஓடோடி வந்து தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் எங்கள் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்ட புளியந்தோப்புச் சொந்தங்களுக்கும், காசு வாங்க மறுத்த ஷேர் ஆட்டோத் தம்பிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கைவிட்டவள் என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"இன்னாது, கைவுட்டாளா? அந்த ஹவில்தாரு என் மூஞ்சியப் பாக்கல, அவ மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தான். அவ கண்ணு கலங்கியிருந்தா ரெண்டு பேரையும் சேத்து சுட்டிருப்பாங்க. பயத்துல வேசம் கட்டின பொண்ணு, தனியா வந்தவன்னு நம்பித்தான் என்னை அப்புறமா வுட்டாங்க. அவ தெரியாதுன்னு சொன்னதாலதான் நான் உசுரோட கீறேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அத அம்மா இருக்கும்போதே சொல்லியிருக்கக்கூடாதா? மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிம்மதியா போயிருப்பாங்களே!" என்று கத்தினேன்.

பெரியம்மா என்னையே பார்த்தார். கண்ணில் நீர் நின்றது.

"தப்பே பண்ணாதவள நான் எப்டிம்மா மன்னிக்கிறது?"

அம்மா, நீங்கள் சொன்னபடியே எழுதினேன். அது உண்மையில்லை என்பதையும் எழுதிவிட்டேன்.