ஆற்றுக்குச் செய்த படகுகள்

என் தம்பி வேலை செய்த படகு ரங்கூனுக்குத் திரும்பவில்லை என்பது தங்கச் சுரங்கத்துப் பக்கத்து ஊரிகம் ஸ்டேஷனில் வைத்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அங்கே தந்தி பார்க்கிற ஐயா, மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும் பேப்பரைப் படித்து எல்லோருக்கும் சொல்லுகிறவர். நான் புருஷனுக்குக் களி கொடுத்துவிட்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்தார்.

"உன் தம்பி பர்மா பக்கம் ரோந்துப் படகுலதானேம்மா?"

"ஆமாங்க. இன்னாங்க?"

"அந்தப் பக்கம் புயல் அடிச்சிருக்கு. ஒரு ரோந்துப் படகு இன்னும் கரைக்கு வரலியாம். எங்கனா ஒதுங்கியிருக்கும். நீ பயப்படாதே."

அவர் பயப்படாதே என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சித்தொட்டியைத் தேடிப் போன வழியிலேயே எங்கள் அப்பாவும் அம்மாவும் செத்துப்போனார்கள். தம்பி அப்போது கைக்குழந்தை. நானே சிறுபெண். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்காடு ஜில்லாவில் ஊர் ஊராகப் போய்க் கூலிவேலை செய்துதான் வளர்த்தேன். என்னைக் கட்டிக்கொண்டவர் பர்மாச் சண்டைக்குப் போன ஒரு ரோந்துப் படகில் பாய்லருக்குக் கரி அள்ளிப் போட்டவர். பிற்பாடு, தம்பிக்கு மீசை அரும்பியபோது, அவரே அவனையும் அதே வேலைக்கு அழைத்துப் போனார். வேளைக்குச் சோறு கிடைக்கும் என்று நானும் சந்தோஷமாகத்தான் அனுப்பினேன்.

பிறகு புருஷனுடைய படகைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஊரில் மழை இல்லை. எங்கள் பக்கத்து ஜனமெல்லாம் தங்கச் சுரங்கத்துக்குப் போகிறது என்று நாங்களும் மூட்டை கட்டினோம். சுரங்கத்தில் கூண்டை ஏற்றி இறக்குகிற எஞ்சினுக்கு நீராவி கொடுக்கும் பாய்லர் ஷெட்டில் அவருக்கு வேலை கிடைத்தது. தம்பி வேறொரு படகில் இருந்தான். ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தான். அவனுக்கும் ஷெட்டில் ஒரு இடம் பார்த்து வைக்கிறேன் என்று மேஸ்திரி ஒத்துக்கொண்டிருந்தார். எங்கள் தட்டி வீட்டில் குறுக்கே இன்னொரு மூங்கில் தட்டி கட்டி, அவன் படுக்க இடம் ஒழித்து, தரையை மெழுகிகூட வைத்துவிட்டேன்.

புயல் சேதியைக் கேட்டதும் புருஷன் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் ஆவாது. பலமான படகு அது."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சில நாள் இருந்தேன். தினமும் ஸ்டேஷனுக்குப் போனேன். தந்தி ஐயாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ரங்கூனுக்கு ஒரு தந்தி கொடுக்க வைத்தேன். தகவல் இல்லை என்று பதில் வந்தது. சாமி கும்பிட்டேன். பக்கத்துக் கூலிலைன் பெண்கள் மாதா கோயிலுக்குப் போனபோது அங்கேயும் போய் முழங்கால் போட்டேன். யார் கேட்பார்களோ அவர்கள் கேட்கட்டும் என்றிருந்தது.

ஒரு மத்தியானம் களி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். புருஷன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட வேலை செய்கிறவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அது கடலுக்குப் போற படகே இல்லண்ணே. வீட்ல அதுக்கிட்ட எப்டி சொல்றது?"

நான் தூக்கைக் கீழே வைத்தேன். அவர் திரும்பினார்.

"என்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

"சோத்த வெச்சிட்டு வூட்டுக்குப் போம்மே."

"போமாட்டேன். அவன் உங்களுக்கு மச்சான். எனக்குப் புள்ள. எல்லாத்தையும் சொல்லுங்க."

கரிக்குவியல்மேல் உட்கார்ந்து அவர் சொன்னார். கூட இருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

பர்மாச் சண்டைக்காகவே செய்த படகுகளாம் அவை. ஒரே படத்தை வைத்து ஒரே மாதிரி நான்கு செய்தார்கள். ஐராவதி ஆற்றில் தண்ணீர் வற்றும் காலத்திலும் மேலே போகவேண்டும், ஓடைகளுக்குள் நுழைந்து கொள்ளைக்காரர்களைத் துரத்தவேண்டும் என்று அடியைத் தட்டையாக வைத்தார்கள். மேலே ஒரு பீரங்கி, உயரமான புகைக்குழாய். வேலைக்காரர்கள் அவற்றுக்கு மூத்தது, ரெண்டாவது, மூணாவது, கடைக்குட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

"ஆத்துல அதுங்க மாதிரி வராது," என்றார். "முழங்கால் தண்ணியிலகூட போவும். மூத்தது மணல்ல ஏறி மாட்டிக்கிச்சி, எடுக்க முடியல, அப்டியே வுட்டுட்டாங்க. ரெண்டாவது தீப்புடிச்சிப் போச்சி. மூணாவதுல நான் இருந்தேன். சண்ட முடிஞ்சதும், இனிமே கடலோரமா ரோந்து சுத்துங்க, திருட்டு அபின், துப்பாக்கி கொண்டாரவங்கள புடிங்கன்னு எங்களையும் உன் தம்பி இருந்த கடைக்குட்டியையும் கடலுக்கு அனுப்பிட்டாங்க."

"அனுப்பினா?"

"தட்ட அடி. பக்கவாட்டுல அலை வந்தா தாம்பாளம் மாதிரி சாயும். திரும்பி நிமிர்றதுக்குள்ள உயிரு போயி வரும். ஒரு மழைக்காலம் அப்டி ஓட்னோம். எங்க கேப்டன், இத இனிமே கடலுக்கு எடுக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. அதான் பிரிச்சிட்டாங்க."

"கடைக்குட்டிய ஏன் பிரிக்கல?"

"அதுக்கு அப்பதான் புது பாய்லர் வெச்சிருந்தாங்க."

அவர் அழவில்லை. கரித்தூள் படிந்த கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. அவரும் அதே படகுகளில் சாகக் கிடந்தவர்தானே என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்குப் போவதில் அர்த்தம் இல்லை. ஆனாலும் போனேன். வீட்டில் இருந்தால் அந்தத் தட்டிக்கு அந்தப்புறம் மெழுகி வைத்த தரை கண்ணில் பட்டது. தண்ணீர் மொள்ளப் போனால் குடத்துக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தத்தைக் கேட்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குடத்தைக் கொடுத்தேன்.

வெயில் ஏற ஆரம்பித்த ஒரு காலையில் ரயிலிலிருந்து ஒரு ஆள் இறங்கினான். வயது தம்பியுடையதுதான் இருக்கும். அவன் தம்பியின் பேரைச் சொல்லி விசாரிக்க, தந்தி ஐயா என்னைக் கைகாட்டினார். அவன் என் எதிரில் வந்து நின்றான். நெல்லூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரன். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது.

"அக்கா, நான் அவன்கூட வேலை செஞ்சவன்," என்றான்.

"அவன் எங்க?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகு, புருஷனையும் வைத்துக்கொண்டு அவன் சொன்னான். பாய்லர் சாம்பலை வாளியில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கடலில் கொட்டவேண்டும். அன்றைக்கு அது தம்பியுடைய முறை. இவனுக்குக் காலையிலிருந்து வாந்தி. "நீ போ, மேல கொஞ்சம் காத்து வாங்கிக்கினு வா" என்று தம்பி வாளியை இவன் கையில் கொடுத்திருக்கிறான். இவன் மேலே வந்து சாம்பலைக் கொட்டினான். அலை படகுக்குமேல் ஏறி வர ஆரம்பித்தது. தண்ணீர் நெருப்பில் விழக்கூடாது என்று பாய்லர் அறையின் மேல்மூடியைப் போட்டு இறுக்கச் சொன்னார்கள். இவனும் சேர்ந்துதான் இறுக்கினான். அப்புறம் படகு ஒருபக்கம் சாய்ந்தது. நிமிரவில்லை. ஒரு கோழிக்கூண்டு கையில் அகப்பட, அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை நெல் ஏற்றிப் போன பர்மாக்காரர்கள் தூக்கியிருக்கிறார்கள்.

"உள்ள எத்தினி பேரு?" என்று என் புருஷன் கேட்டார்.

"கரி போடுறவங்க எல்லாரும்."

என் புருஷன் எழுந்து வெளியே போனார். அன்றைக்கு ஷிப்டுக்குச் சங்கு ஊதியபோதும் அவர் போகவில்லை. மறுநாள் போனார். பாதியில் திரும்பி வந்துவிட்டார். பாய்லர் கதவை மூடினால் உள்ளே யாரோ இருப்பதுபோல் இருக்கிறது, மூட முடியவில்லை என்றார். மேஸ்திரி நல்ல மனுஷர். பக்கத்திலேயே நந்திதுர்க் சுரங்கத்தில், குழிக்குள் முட்டுக்கொடுக்கிற மரங்களை அடுக்கும் இடத்துக்கு அவரை மாற்றிவிட்டார். கூலி குறைவு.

தம்பிக்குப் பார்த்து வைத்ததும் என் புருஷன் விட்டதுமாகப் பாய்லர் ஷெட்டில் ஒன்றுக்கு இரண்டு இடம் காலியானது. போக்கிடம் இல்லாமல் நின்ற அந்த நெல்லூர்க்காரனை மேஸ்திரி அதில் ஒரு இடத்தில் சேர்த்துக்கொண்டார். தம்பிக்கென்று ஒழித்த இடத்தில் அவன் பாயைப் போட்டான். படுக்கச் சொன்னது என் புருஷன். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. களியைத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு நான் வெளியே போய் நிற்பேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். மாதக்கணக்காக இப்படியே போயிற்று. வாளியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இங்கே உட்கார்ந்து தின்பது என் தம்பியாக இருக்குமே என்று ஒவ்வொரு வேளையும் நினைத்தேன். அந்த நினைப்பு என்னைத் தின்றது.

அடுத்த மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. என் புருஷன் வேலைக்குப் போயிருந்தார். பார்க்க வேறு யாரும் இல்லை. கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குடிக்க மாட்டேன் என்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னா பிடிவாதம் இது. வாயத் தொற."

"நான் அந்த மூடியத் தொறந்திருக்கலாம் அக்கா."

"தொறக்க நேரம் இருந்திச்சா?"

அவன் வெகுநேரம் யோசித்தான். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரியல," என்றான்.

எனக்கும் தெரியவில்லை. நேரம் இருந்தது என்று அவன் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ. இல்லை என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கழுத்தைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சியைப் புகட்டினேன். அழுதுகொண்டே குடித்தான். பிறகு, தம்பி அங்கே எப்படி இருந்தான், என்ன பேசுவான் என்று முதல் தடவையாகக் கேட்டேன். பர்மாக்காரர்கள் மாதிரி சுருட்டுப் பிடிக்கப் பழகியிருந்தானாம். நான் கோபித்துக்கொள்வேன் என்று ஊருக்குப் போவதற்குள் விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

அவனுக்குக் காய்ச்சல் இறங்கி எழுந்து நடமாடப் பல நாளாயிற்று. அதுவரை கஞ்சி நான்தான் புகட்டினேன்.