ஃபிளைவெயிட் நாற்காலி

ஹம்பர்க் போகும்வரை என் உடம்பால் யாருக்கும் பிரயோசனம் உண்டு என்று நான் நினைத்ததில்லை. ஊரில் என்னைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது “ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?” என்பதுதான். என் சட்டை ஆணியில் தொங்குவதற்கும் என்மேல் தொங்குவதற்கும் இருந்த ஒரே வித்தியாசம், ஆணி இருமாது.

அறுபதுகளின் கடைசியில் அங்கே பௌதிக ஆராய்ச்சி மாணவனாகப் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு பியர்க்கடையின் மாடியில் அறை கிடைத்தது. பியர், பிராந்தி எதையும் தொடாத குடும்பத்துப் பிள்ளை, பியர்க்கடை மாடியில். வீட்டுக்கு எழுதும்போது “கீழே ஒரு உணவு விடுதி” என்று எழுதினேன். உருளைக்கிழங்கு சாலட் விற்றார்கள் என்பதால் முழுப்பொய் இல்லை.

ஒரு நாள் படி ஏறிக்கொண்டிருந்தேன். எதிரே இறங்கி வந்தவர் படிக்கட்டின் அகலம் முழுவதும் இருந்தார். தெருமுனையில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, “நீங்கள் எவ்வளவு எடை?” என்றார். படிக்கட்டின் பலத்தைப் பற்றிய கவலை என்று நினைத்து, “ஐம்பது, ஐம்பத்தொன்று இருக்கும்” என்று பணிவாகச் சொன்னேன். மனிதர் தொப்பியைக் கழற்றினார். அந்த நாட்டில் எனக்காக முதன்முதலில் கழற்றப்பட்ட தொப்பி அது.

கீழே பியர்க்கடையின் பின்னறையில் ஒரு குத்துச்சண்டைக் கிளப் இருந்தது. இறைச்சிக்கடைக்காரர் அதன் தலைவர். அவர் கவலை இதுதான்: ஐம்பத்தொரு கிலோவுக்குள் இருப்பவர்கள் மோதும் ஃபிளைவெயிட் பிரிவுக்கு ஊரிலேயே ஆள் கிடையாது. போருக்குப் பிறகு ஜெர்மனி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்திருந்தது. வெண்ணெயும் பன்றியும் கிரீம் கேக்கும் சேர்ந்து ஒரு எடைப் பிரிவையே ஒழித்துவிட்டன. வருடா வருடம் நகர சாம்பியன் பட்டியலில் ஃபிளைவெயிட்டுக்கு நேரே ஒரு கோடு போட்டு விட்டுவிடுவார்கள்.

“நீங்கள் குத்தவே வேண்டாம்” என்றார் தலைவர். “பெயர் கொடுங்கள். தராசில் ஏறுங்கள். எதிராளி இல்லை. வளையத்துக்குள் நின்றால் நடுவர் உங்கள் கையைத் தூக்குவார். நீங்கள்தான் சாம்பியன்.”

ஆராய்ச்சியில் மூன்றாவது தடவையாக என் கருவி தப்புக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்த சமயம். உழைக்காமல் கிடைக்கும் கௌரவத்தின் மேல் எனக்கு அபாரமான மரியாதை இருந்தது. சரி என்றேன்.

சிக்கல் பின்னறைச் சுவரில் இருந்தது. அங்கே ஒரு கறுப்பு மரப்பலகை. கிளப்பில் நகர சாம்பியனாக வந்தவர்களின் பெயர்கள் எடை வாரியாகப் பொன்னெழுத்தில். மற்ற எடைகளில் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி வந்தன. ஃபிளைவெயிட்டில் ஒரே ஒரு பெயர். அதன் நேர்கீழே ஒரு நாற்காலி. அந்தப் பெயருக்குரியவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

எழுபதைத் தாண்டிய சின்ன உருவம். முதல் உலகப்போர் முடிந்த பஞ்ச காலத்தில், ஊரே ஃபிளைவெயிட்டாக இருந்தபோது, பட்டம் வென்றவர். கிளப்பில் ஒரு வழக்கம்: எந்த எடையிலும் கடைசியாகச் சாம்பியன் ஆனவருக்குப் பின்னறையில் ஒரு நாற்காலி, மாலைதோறும் கிளப் கணக்கில் ஒரு பியர். அடுத்தவன் வந்ததும் எழுந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் இரண்டொரு வருடம் அனுபவித்து எழுந்து போனார்கள். இவர் எடையில் பட்டம் முதலில் வேறு கிளப்புகளுக்குப் போயிற்று, பிறகு ஆளே இல்லாமல் போயிற்று; இவருக்கு அடுத்தவனே வரவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வீடு என்பது தூங்கும் இடம். வாழ்ந்தது அந்த நாற்காலியில். இறுதிப்போட்டியைப் பற்றிக் கேட்டால் போதும், பியர் நுரை மீசையில் ஒட்டியிருக்க, எதிராளி எப்படி விழுந்தான் என்று சொல்வார். ஒருமுறை ஏழாவது சுற்றில் விழுந்தான். இன்னொருமுறை மூன்றாவதில். வயதாகிவிட்டது, குழம்புகிறார் என்று நினைத்தேன்.

நான் தராசில் ஏறினால் அவர் நாற்காலியிலிருந்து இறங்க வேண்டும். இது எனக்குப் புரிந்தபோது பெயர் கொடுத்தாகிவிட்டது. அவரிடம் போய், “நான் பியர் குடிப்பதில்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. “சாம்பியன் சாம்பியனுக்குப் பிச்சை போடுவதா, டாக்டர்? நீங்கள் ஜெயித்தால் நான் எழுந்திருப்பேன். அவ்வளவுதான்.”

டாக்டர் பட்டம் வர இன்னும் வெகுகாலம் இருந்தது. ஆனால் அந்தக் கிளப்பில் கண்ணாடி போட்டவன் எல்லாம் டாக்டர்.

என் பக்கத்து அறையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். கப்பலில் வேலை செய்து, ஹம்பர்க்கில் இறங்கி, கப்பல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர். எனக்கு அண்ணை. அந்த வட்டாரத்தில் தமிழ் பேச எனக்கு அவரும் அவருக்கு நானும்தான். ஆகவே ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டே தீர வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் குதித்தார்.

“சம்பியனோ? ஐசே, நீர் ஒரு இலையானை அடிச்சு நான் காணேல்லை!” ஈயை அவர் ஊரில் இலையான் என்பார்கள்.

“அடிக்கவே வேண்டாம் அண்ணை. ஏறி நின்னா போதும்.”

“அப்ப சரி. நான்தான் உம்மட பயிற்சியாளர். துவாய் நான் பிடிக்கிறன்.”

எடை பார்க்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை அண்ணை என் கதவைத் தட்டினார். கையில் ஆவி பறக்கும் தட்டு. வறுத்த கோதுமை மாவில் புட்டு, சம்பல், முட்டைப்பொரியல். ரயிலடிப் பக்கம் அலைந்து தேடிய தேங்காய்.

“அண்ணை, எடை பார்க்கிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“உது இவங்கட விசர்க்கதை. சண்டைக்குப் போற பிள்ளை வெறும் வயித்தோட போறதோ? ஒரு பிடி சாப்பிடும்.”

“ஒரு பிடிதான்.”

“ஓம் ஓம், ஒரு பிடி.”

நம்மவர்கள் ஒரு பிடி என்றால் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். தட்டு காலியானபோது, மறுபடி நிரம்புவதை நான் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சாட்சி சொல்லிக்கொண்டேன். ஐரோப்பாவில் முதல் புட்டு அது. பட்டங்கள் வரும் போகும்.

எடை பார்த்தது ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். தராசுக்குப் பொறுப்பாளர் யாரென்று பார்த்தால், நம் கிழவர். வருடக்கணக்காக அந்தத் தராசு அவர் கையில்தான். மறைப்புக்குப் பின்னால், பிறந்தமேனியாகத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஏறினேன். கிழவர் இரும்புக்கட்டியைக் கம்பியில் மெல்ல நகர்த்தினார். துண்டின் எடையைக் கழித்தார். பிறகு எந்தச் சந்தோஷமும் காட்டாத குரலில் சொன்னார்:

“கூட இருக்கிறது.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணையைப் பார்த்தேன். அண்ணை கூரையைப் பார்த்தார்.

மதியம்வரை அவகாசம் உண்டு. கம்பளிக் கோட்டைப் போர்த்தி என்னைக் கூடத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். எலுமிச்சையைக் காட்டி வாளியில் துப்பச் சொன்னார்கள். தலைவர் கத்தரிக்கோலால் என் தலைமுடியைக் கத்தரித்தார்; தொழில் தெரிந்த கை, ஆனால் வேறு மிருகங்களில் பழகியது. அண்ணை துவாய்த் துண்டை வீசிக்கொண்டு கூடவே ஓடினார். “புட்டால இல்லை தம்பி, அந்தச் சம்பலில தேங்காய் கூடிப்போச்சு.”

மறுபடி தராசு. இந்த முறை துண்டும் வேண்டாம் என்றார்கள். கம்பி கிட்டத்தட்ட நேராக நின்றது. கிட்டத்தட்ட. ஒரு சின்னச் சாய்வு.

தலைவர் பெருமூச்சு விட்டார். “முடிந்தது” என்று திரும்பினார். கிழவர் தராசைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார். நாற்காலியும் பியரும் மாலை நேரமும் அவருக்கே என்று ஆகியிருந்த நிமிஷம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“அதைக் கழற்றுங்கள்” என்றார்.

வெள்ளி அரைஞாண். விமானம் ஏறுவதற்கு முன் அம்மா புதிதாக மாட்டிவிட்டது. என் தோலோடு தோலாக இருந்ததால் எனக்கே மறந்து போயிருந்தது.

“சங்கிலியா?” என்று தலைவர் திரும்பி ஓடிவந்தார். “இவ்வளவுதானா? கழற்றுங்கள், டாக்டர்!” கொக்கி இறுகியிருந்தால் என்று சட்டைப்பையிலிருந்து ஒரு குறடை வேறு எடுத்தார்.

நான் பகுத்தறிவுவாதி. ராகுகாலத்தில்தான் விமானம் ஏறுவேன் என்று அடம்பிடித்தவன். பூமி சுற்றுவதைச் சூத்திரம் போட்டுக் காட்டுவேன். கையைக் கொக்கியில் வைத்தேன். கை அங்கேயே நின்றது.

“கழட்டாதையும்!” என்றார் அண்ணை. “உதைச் செத்தவீட்டிலதான் அறுக்கிறது.”

“அதெல்லாம் மூடநம்பிக்கை அண்ணை.”

“ஓம், மூடநம்பிக்கைதான். அப்ப கழட்டுமன் பாப்பம்.”

“கழட்டத்தான் போறேன்.”

“நான் மறிச்சனானோ? கழட்டும்.”

“நீங்க பாத்துட்டே இருந்தா எப்படிக் கழட்டறது?”

“சரி, நான் அங்கால திரும்பி நிக்கிறன். கொம்மாவுக்கு ஆர் சொல்லப்போகினம்?”

அவர் திரும்பி நின்றார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஜெர்மானியர்கள் இதை ஏதோ போர்த் தந்திர ஆலோசனை என்று நினைத்து மரியாதையாகக் காத்திருந்தார்கள். குறடு என் தொப்புளுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. நிர்வாணமாக, பாதி முடி வெட்டப்பட்ட தலையோடு, ஒரு இறைச்சிக்கடைக்காரருக்கும் ஒரு யாழ்ப்பாணத்தாருக்கும் நடுவில் நின்றபோது எனக்குத் தெரிந்தது: என் பகுத்தறிவு கழுத்துவரைதான். இடுப்பு வேறு இலாகா.

“முடியாது” என்றேன். தராசிலிருந்து இறங்கினேன்.

அந்த வருடமும் ஃபிளைவெயிட்டுக்கு நேரே கோடுதான். தலைவர் ஒரு வாரம் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. அண்ணை மட்டும் “விடும் தம்பி, புட்டாவது மிஞ்சினது” என்று தேற்றினார். அதுவும் மிஞ்சவில்லை.

சில நாள் கழித்து மாலையில் கிழவர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். எனக்கு ஆப்பிள் சாறு, அவருக்கு அவருடைய பியர். வேறு யாரும் இல்லை.

“எனக்காகத்தான் விட்டீர்கள்” என்றார். “நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் நாட்டுப் பெருந்தன்மை.”

“இல்லை, அந்தச் சங்கிலி—”

அவர் கையை உயர்த்தினார். “அதனால் உங்களிடம் பொய்யோடு இதில் உட்கார முடியவில்லை. இறுதிப்போட்டியில் என் எதிராளி வரவே இல்லை, டாக்டர். முந்தின நாள் அவன் மாமா வீட்டில் பன்றி அறுத்தார்கள். பஞ்ச காலம். வருஷக்கணக்கில் டர்னிப் கிழங்கு தின்றவன். தராசா, தட்டா என்றால் எவனும் தட்டு என்பான். நான் தராசில் ஏறினேன், இறங்கினேன், என் கையைத் தூக்கினார்கள். என் மாமாவிடம் பன்றி இல்லை. அதுதான் என் முழு வரலாறு.”

“அப்படியானால் ஏழாவது சுற்று?”

“அது கோடைக்காலத்தில். பொழுது நிறைய இருக்குமே. குளிர்காலத்தில் மூன்றாவதிலேயே முடித்துவிடுவேன், எல்லோரும் வீட்டுக்குப் போகணும்.”

அவ்வளவு உண்மையைக் கேட்ட பிறகு நானும் உண்மையைச் சொல்வதுதான் முறை. நான் யாருக்காகவும் விடவில்லை, பயத்தில் விட்டேன், அது செத்தால்தான் கழற்றுகிற கயிறு, அம்மா கட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். கிழவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“இடுப்புக் கயிற்றுக்காக ஒரு பட்டமா? பௌதிகம் படித்தவரா? டாக்டர், உங்களுக்குப் பொய் சொல்ல வரவில்லை. அடுத்த தடவை இரண்டு மூன்று சுற்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.”

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை. அரைஞாணை இரண்டு தடவை நீட்ட வேண்டியதாயிற்று. கழற்றாமலே நீட்டிய தட்டானை அண்ணைதான் தேடிப் பிடித்தார். ஒரு கருத்தரங்குக்காக ஹம்பர்க் போனபோது பழைய பியர்க்கடைக்குள் நுழைந்தேன். கிழவர் அந்த இலையுதிர்காலத்தில் போய்விட்டார் என்றார் தலைவர். பலகையில் ஃபிளைவெயிட்டில் இன்னும் அதே ஒரு பெயர். கீழே நாற்காலி காலியாக இருந்தது. அதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானம். முதுகுப்பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு அடிக்கப் போகிறார்களாம்.

“பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது” என்றார் தலைவர். “இறுதிப்போட்டியை எந்தச் சுற்றில் முடித்தார் என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் படித்தவர், அவரோடு தனியாகப் பேசியவர். சரியாகச் சொல்லுங்கள்.”

பின்னறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

“மூன்றாவது சுற்று” என்றேன்.